முதுகு விடியும் நேரம்

சென்னையில் ஆசைக்காக சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு நேரம்தான் வாய்த்திருக்கிறது. நாலரைக்குக் கிளம்பி, ஐந்துக்குள் திருவான்மியூரைத் தாண்டிவிட வேண்டும். ஏழரைக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயிலும் சுற்றுலா பஸ்களும் ஒருசேர இறங்கிவிடும். மாமல்லபுரம் போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டர் அளவுக்கு வரும். ஒன்பதரைக்கு வீட்டில் இட்லி. மேடு தேடிக் கேளம்பாக்கம்–வண்டலூர் சாலைக்குப் போகிறவர்களும், முட்டுக்காடு பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களும் இதே கணக்குக்குள்தான் வருகிறார்கள். மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை இந்த ஊரில் வேறு வழியும் கிடையாது.

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றொரு நோய் இருக்கிறது. வந்தவர்கள் சுருக்கமாக ஏ.எஸ். என்பார்கள். முதுகெலும்பிலும், அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளிலும் உண்டாகிற தீராத அழற்சி. அதற்கும் ஒரு நேரம் உண்டு. பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு வலி தட்டி எழுப்பும். எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்தால்தான் அடங்கும். விடிகாலையில் முதுகு மொத்தமும் இறுகிக் கிடக்கும். ஷூ லேஸ் கட்டக் குனிவதே அப்போது பெரிய காரியம். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் மெல்ல இளகும். பிற்பகலில் பார்த்தால் இந்த ஆளுக்கா நோய் என்று கேட்பார்கள். ஆக, சைக்கிள் குழு கிளம்புகிற நேரம்தான் இந்த முதுகுக்கு நாளின் மிக மோசமான நேரம்.

எனக்கு இந்த நோய் இருக்கிறது. சைக்கிளும் இருக்கிறது.

டிஸ்க், வாயு, சூடு

முதுகுவலி வராத சைக்கிள்காரர் இல்லை. நீளமான ஸ்டெம், தாழ்ந்த ஹேண்டில்பார், வலுவில்லாத வயிற்றுத் தசை, வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் பாண்டிச்சேரிப் பக்கம் பறப்பது என்று காரணங்கள் வரிசையில் நிற்கும். இதெல்லாம் உழைத்து வரும் வலி. ஓட்டினால் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி இதற்கு நேரெதிர்: ஓய்வில் கூடும், அசைவில் குறையும்.

இந்த ஒரு வித்தியாசத்தை எல்லா சைக்கிள் கடையிலும் எழுதி ஒட்டலாம் என்பது என் அபிப்பிராயம். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா? பின்னிரவில் வலியால் விழிப்பு வருகிறதா? பிட்டத்தில் சில நாள் இடது, சில நாள் வலது என்று மாறி மாறி வலிக்கிறதா? 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா? வலி மாத்திரை போட்ட ஓரிரு நாளில் கண்கூடாகக் குறைகிறதா? இவற்றில் பல சேர்ந்து வந்தால் பார்க்க வேண்டியவர் மூட்டு அழற்சி நோய்களுக்கான மருத்துவரான ருமட்டாலஜிஸ்ட். சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியாரைத்தான் தேடிப் போக வேண்டும் என்பதில்லை.

நடப்பது வேறு. முதல் வலிக்கும் நோய்க்குப் பெயர் சொல்லப்படும் நாளுக்கும் இடையே உலகெங்கும் சராசரியாக ஆறேழு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. ஆரம்ப காலத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்ற ரத்தப் பரிசோதனைகள் பலருக்கு இயல்பாகவே வரும். எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் கீழ்முதுகை மட்டும் எடுப்பார்கள். அதில் ஏதோ ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கும், வலியே இல்லாத எத்தனையோ பேருக்குப் பிதுங்கியிருப்பதுபோலவே. உண்மையான சங்கதி இருக்கும் இடுப்பு மூட்டுகள் படத்தில் சரியாக விழுந்திருக்காது. பிறகென்ன, "டிஸ்க்தான், மூணு வாரம் பெட் ரெஸ்ட்." எந்த நோய்க்கு ஓய்வு ஆகாதோ அந்த நோய்க்கு ஓய்வு.

இந்த ஆறேழு ஆண்டுகளை நிரப்ப நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இடுப்புக்கு பெல்ட், கட்டாந்தரையில் பாய், வாயுவுக்குக் கஷாயம், சூட்டுக்கு எண்ணெய்க் குளியல். வீட்டில் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

"அந்த வளைஞ்ச ஹேண்டில்பாரைப் பிடிச்சுக் குனிஞ்சு குனிஞ்சே முதுகைக் கெடுத்துக்கிட்ட. சைக்கிளை வித்துட்டு ஒழுங்கா வாக்கிங் போ" என்றார் அம்மா. 

சைக்கிளால் இது வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் வீட்டுக்கே தீ வைக்கும் வகை நோய் இது. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973-லேயே கண்டறியப்பட்டது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மரபணு இருக்கும். ஆனால் மரபணு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. எனவே பரிசோதனைத் தாளில் 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் இடிந்துபோகத் தேவையில்லை; 'நெகட்டிவ்' என்று பார்த்து நிம்மதியடைந்துவிடவும் கூடாது. ஆண்களின் நோய் என்று பழைய பாடப்புத்தகங்கள் எழுதி வைத்ததால் பெண்களுக்கு இன்னும் தாமதம். சிலருக்கு நோயை முதலில் கண்டுபிடிப்பவர் கண் மருத்துவர். திடீரென்று ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போகும். யூவியைட்டிஸ் என்ற உட்கண் அழற்சி. ஏ.எஸ். உள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது வாழ்நாளில் எப்போதாவது வரும். சைக்கிளில் போகும்போது தூசி விழுந்தது என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் பார்வைக்கே ஆபத்து.

கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு மைக்கேல் ஆதர்ட்டனைத் தெரியும். 54 டெஸ்டுகளில் இங்கிலாந்தின் கேப்டன். அவருக்கும் இதே நோய். 1995-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 643 நிமிடம் நின்று 185 ரன்னோடு ஆட்டமிழக்காமல் டிராவைக் காப்பாற்றினாரே, அது இந்த முதுகோடுதான். இடதுசாரி வீடுகளில் 'வீரம் விளைந்தது' நாவலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அதை எழுதிய நிக்கொலாய் ஒஸ்திரோவ்ஸ்கியைத் தெரியும். அவரைப் படுக்கையில் கிடத்தியதும், 1936-ல் 32 வயதில் முடித்ததும் இந்த நோயின் கொடிய வடிவம் என்றே சொல்கிறார்கள். இருவருக்கும் இடையே அறுபது ஆண்டு மருத்துவம் இருக்கிறது. ஆனால் மருத்துவம் மட்டும்தான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஒரே பெயருள்ள நோய் ஒருவரை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். இன்னொருவரின் முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை ஒட்டவைத்துவிடும். அடுத்தவர் கதையை வைத்து நம் கதையை ஊகிக்க முடியாது. ஆதர்ட்டன் ஆடினார், நீ ஏன் மாமல்லபுரம் போகக் கூடாது என்று யாராவது கேட்டால் அவரை விட்டு விலகிப் போவது நல்லது.

தாங்கிக்கோ, படுத்துக்கோ

சைக்கிள் உலகம் வலியை ஒரு பெருமையாக வைத்திருக்கிறது. தொடை எரிய எரிய மேடு ஏறுவது, பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிப்பது, அதைத் தாண்டி 300, 400, 600 என்று போய் ஒருநாள் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸின் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் கடப்பது. அந்த வலிக்கு ஒரு முடிவுக்கோடு இருக்கிறது. கோட்டைத் தாண்டினால் மெடல், மறுநாள் தூக்கம், அதற்கு மறுநாள் சொல்லிக் காட்ட ஒரு கதை. தீராத வலிக்கு முடிவுக்கோடு கிடையாது. அதைத் தாங்கிக் கடந்துவிடலாம் என்று மிதித்தால் கடப்பதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது.

மறுபக்கம் மருந்துச் சீட்டு உலகம். "வலிச்சா நிறுத்திடுங்க." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வலி எப்போதுமே இருக்கிறவன் எதை நிறுத்துவது? வலித்தால் நிறுத்துவது, வலிக்காத நாளில் விட்டதைப் பிடிப்பதுபோல் ஓட்டுவது என்று போனால், நல்ல நாளில் 80 கிலோமீட்டர், அதற்குத் தண்டனையாக ஐந்து நாள் படுக்கை, எழுந்ததும் மறுபடி 80 என்று ஓர் ஊஞ்சலில் மாட்டிக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் படுக்கும் நாள் கூடும், ஓட்டும் தூரம் குறையும். நோய் தின்றது போக மிச்சமிருக்கும் தெம்பை இந்த ஊஞ்சல் தின்றுவிடும்.

வலி மருத்துவத்துக்கு ஒரு துறையாக அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் ஜான் பொனிக்கா. சிசிலிப் பக்கத்துத் தீவொன்றில் பிறந்து அமெரிக்கா போனவர். மயக்கவியல் மருத்துவர், படிப்புச் செலவுக்காக முகமூடி போட்டு மல்யுத்தம் செய்தவர். அந்த ஆட்டத்தில் பட்ட அடிகளால் வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர். வலி தாங்குவதைத் தொழிலாகவே செய்த ஒருவர்தான், தாங்கிக்கொள்வது சிகிச்சை அல்ல என்று 1953-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவரோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970-களில் ஒரு எளிய யோசனை சொன்னார். எவ்வளவு செய்வது என்பதை வலி முடிவு செய்யக் கூடாது. நாள்காட்டி முடிவு செய்யட்டும். சில நாள் உங்களால் எவ்வளவு முடிகிறது என்று பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் குறைவாக ஓர் அளவு வையுங்கள். கெட்ட நாளிலும் அந்த அளவைச் செய்யுங்கள், நல்ல நாளிலும் அந்த அளவோடு நிறுத்துங்கள். பிறகு மெதுவாகக் கூட்டுங்கள்.

இதில் கஷ்டமான பாதி எது என்று பலரும் தப்பாக நினைக்கிறார்கள். கெட்ட நாளில் எழுந்து செய்வது கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம், நவம்பர் மாதத்து மேகமூட்டமான காலையில், முதுகு ஒரு குறையும் சொல்லாதபோது, பின்னாலிருந்து காற்று தள்ளும்போது, 30 நிமிடத்தில் சைக்கிளைத் திருப்புவது. கோவளம் கூப்பிடும். திரும்ப வேண்டும்.

வலியையே நோயாக ஒப்புக்கொள்ள உலகத்துக்கு ரொம்ப நாள் ஆனது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் தந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கூடங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்துசேரவில்லை.

கிலோமீட்டரை மறைத்து வைத்தேன்

ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டரில் தூரமும் வேகமும் தெரியாதபடி செய்துவிட்டேன். நேரம் மட்டும் ஓடும். தூரத்தை வைத்து ஓட்டினால் எதிர்க்காற்றுள்ள நாளில் அதே தூரத்துக்கு இருமடங்கு நேரம் குனிந்திருக்க வேண்டும். முதுகுக்குத் தெரிந்தது நேரம் மட்டும்தான். குறித்த நேரத்தில் பாதி வந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது. முதலில் இது அசிங்கமாக இருக்கும். ஒரு பெட்ரோல் பங்க் எதிரே, எந்தக் காரணமும் இல்லாத இடத்தில் திரும்புவோம். பழகிவிடும்.

ஓட்டும்போது வலிக்கிறதா என்பது இங்கே நல்ல அளவுகோல் இல்லை. இந்த நோயில் ஓட்டும்போது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏமாற்றும் அளவுக்கு. மறுநாள் காலையைக் கேட்க வேண்டும். வழக்கமான விறைப்பு வழக்கமான நேரத்தில் இளகினால் முந்தைய நாள் அளவு சரி. வழக்கத்தைவிட ரொம்ப நேரம் இழுத்தால் அடுத்த முறை குறைக்க வேண்டும். இரண்டு நாள் இழுத்தால் அது ஓட்டியதால் வந்ததா, நோய் தானாகக் கிளர்ந்ததா என்று யோசிக்க வேண்டும். பல நேரம் பதில் கிடைக்காது. மழைக்காலம், தூக்கமின்மை, ஆபீஸ் கெடுபிடி, அல்லது ஒன்றுமே இல்லாமல்கூடக் கிளர்ச்சி வரும். காரணம் கண்டுபிடித்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் சாப்பிட்ட கத்திரிக்காயையும் சந்தேகிக்க ஆரம்பிப்போம்.

நேரத்தை மாற்றியதுதான் பெரிய மாற்றம். மாலை ஐந்தரைக்கு மேல் முதுகு தயாராக இருக்கிறது. சாலை தயாராக இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்துப் போக்குவரத்தில் ஓட்டுவது உசிதமில்லை. எனவே பெசன்ட் நகர், கலாக்ஷேத்ரா காலனி உள்தெருக்களில் சுற்றிச் சுற்றி வருகிறேன். நாய்களுக்கு என்னைத் தெரியும். கடற்கரைச் சாலையை நினைத்தால் இது ரொம்பச் சின்ன உலகம். காலையில் போயே ஆக வேண்டிய நாளென்றால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வெந்நீரில் குளித்து, உடற்பயிற்சி செய்து முதுகை எழுப்ப வேண்டும். நாலரைக்குக் குழு கிளம்புகிறது என்றால் மூன்றுக்கு எழ வேண்டும். பெரும்பாலும் வலியே எழுப்பிவிடுவதால் அலாரம் மிச்சம்.

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்: இந்த நோய்க்கு சைக்கிள் அவ்வளவு பிரமாதமான பயிற்சி ஒன்றும் இல்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. விலாமூட்டுகள் இறுகி மூச்சு குறுகும் நோய் என்பதால் அது பெரிய விஷயமே. ஆனால் முதுகை முன்னால் வளைக்கும் நோய்க்கு, முதுகை முன்னால் வளைத்து உட்காரும் விளையாட்டு. போதாததற்கு ஏ.எஸ். எலும்பைப் பலவீனப்படுத்தும், சைக்கிளோ உடல் எடையை எலும்பின் மேல் ஏற்றாததால் எலும்பை வலுப்படுத்தாது. ஆகவே ஓட்டியதற்கு ஈடாக நடக்க வேண்டும், எடை தூக்க வேண்டும், தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுத்து முதுகை எதிர்த்திசையில் நிமிர்த்த வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள். மாதம் ஒருமுறை சுவரோடு குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று, தலையின் பின்பக்கம் சுவரைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தொடாத நாள் வந்தால் டாக்டருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது.

கடுமையான பயிற்சியே கூடாது என்பதும் பழைய பயம். நார்வேயிலும் ஸ்வீடனிலும் இந்த வகை நோயாளிகள் 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று மாதம் தீவிரமான இதயப் பயிற்சியும் எடைப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு நோயின் வேகம் கூடவில்லை, குறைந்தது. ஆனால் அது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று அளந்து கொடுத்த பயிற்சி. முந்திப் போகிற குழுவைத் துரத்திப் பிடிக்கும் தீவிரம் வேறு ஜாதி.

லுக்கு போனால் போகட்டும்

ரோடு பைக்கின் அழகே ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருப்பதில் இருக்கிறது. அந்த அழகைக் கெடுக்கச் சொல்லிக் கடைக்குப் போனபோது மெக்கானிக் தம்பி வருத்தப்பட்டார்.

"அண்ணே, ரேஸ் வண்டிக்கு இவ்ளோ உயரமாண்ணே? லுக்கே போயிடும்."

"போகட்டும் தம்பி. கழுத்து இருந்தாப் போதும்."

ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டு மேல்நோக்கி வைத்தார். அடியில் ஸ்பேசர்களைச் சேர்த்தார். ஹேண்டில்பார் சீட்டுக்கு மேலே வந்துவிட்டது. தாழக் குனியும்போது, முன்னால் பார்க்கக் கழுத்தை அண்ணாந்து வைத்திருக்க வேண்டியிருக்கும். முதுகு வளையாமல் கழுத்து மட்டும் அண்ணாந்தால் அரை மணியில் தலைவலி. அது நின்றது. டயரை 25 மி.மீட்டரிலிருந்து 32-க்கு மாற்றிக் காற்றைக் குறைத்ததில் சாலைக் குழிகள் இடுப்பு மூட்டுக்கு நேராகத் தந்தி அடிப்பது குறைந்தது. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்டதால் மேட்டில் உந்தி மிதிக்க வேண்டியதில்லை. ரோடு பைக்கின் ஃபிரேமில் 32 டயர் நுழையுமா என்று முதலில் பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் ஒரு ஹைப்ரிட் வாங்குவது இத்தனை வேலையையும் ஒரே நாளில் முடித்துவிடும். குதிகால் தசைநாண் அழன்று வலிக்கும் தொல்லையும் இந்த நோயில் உண்டு என்பதால், சீட் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாதத்தின் நடுப்பகுதியால் மிதிப்பது சிலருக்கு ஒத்துவரும்.

எல்லாவற்றிலும் மலிவானதும் முக்கியமானதும் கண்ணாடி. கழுத்து திரும்பாதவனுக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது. இடதுபக்கம் ஓட்டும் நம் ஊரில் வலது கைப்பிடி நுனியில் மாட்டும் வட்டக் கண்ணாடி சில நூறு ரூபாய்தான். அனுபவசாலி சைக்கிள்காரர்கள் அதைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள்.

தண்ணீரும் மாத்திரையும்

இந்த நோய்க்கு வலி மாத்திரை என்பது வலியை மறைக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. நேப்ராக்சென், எடோரிகாக்சிப், இண்டோமெத்தசின் வகை மருந்துகள் அழற்சியையே குறைப்பதால் இவைதான் முதல்கட்டச் சிகிச்சை. ஆனால் சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர் இவற்றைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் வியர்த்து, தண்ணீர் வற்றிய உடம்பில் இந்த மாத்திரையும் இருந்தால் சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடி வாங்கும். "ரைடுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கிட்டா ஸ்மூத்தா போகும் ப்ரோ" என்ற அறிவுரை எல்லாக் குழுவிலும் உலவுகிறது, நோயே இல்லாதவர்களிடமும். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீண்ட தூரம் போகும் நாளில் மாத்திரையை எப்போது போடுவது, போடலாமா என்பதை டாக்டரிடமே கேட்க வேண்டும்.

மாத்திரை போதாதவர்களுக்கு உயிரியல் மருந்து ஊசிகள். டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தை மறிக்கும் அடாலிமுமாப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலிலோ தொடையிலோ நாமே போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் எட்ட முடியாத விலையில் விற்ற மருந்து. அதன் மாற்று வடிவத்தை உலகில் முதன்முதலாக 2014 டிசம்பரில் சந்தைக்குக் கொண்டுவந்தது குஜராத்தின் சைடஸ் நிறுவனம். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் வந்தன. இன்றும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கனமான செலவுதான், ஆனால் நினைத்துப் பார்க்கக்கூடிய செலவு. ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்: நம் நாட்டில் பலரது உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும், இந்த மருந்து அதை எழுப்பிவிடலாம். எதிர்ப்பு சக்தி தணிந்திருப்பதால் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் தோல் உரிந்தால் அதையும் அலட்சியப்படுத்த முடியாது. ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பதால், வெளியூர் ரைடு போனால் லாட்ஜ் ரிசப்ஷனில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்கிற விருந்தாளி ஆகிவிடுவோம். ஹேண்டில்பாரில் மாட்டும் பைக்குள் ஐஸ் பேக்கோடு போகிறவர்களும் உண்டு.

விழுவதைப் பற்றிப் பேச்செடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பு ஒட்டிப்போகத் தொடங்கிய ஒருவர் நின்ற இடத்தில் சைக்கிளோடு சாய்ந்தாலும் எலும்பு முறியலாம். விழுந்த பிறகு கழுத்திலோ முதுகிலோ புதிதாக வலி வந்தால், எழுந்து நடக்க முடிகிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டும். உதவ வருகிறவர்கள் வளைந்த கழுத்தை நேராக்கிப் படுக்கவைக்க முயலக் கூடாது. இருந்த வளைவிலேயே தாங்க வேண்டும். நோயின் பெயரையும் இந்த ஒரு வரியையும் எழுதிய சீட்டு என் சட்டைப் பையில் இருக்கும்.

ஓட்டாத மாதங்கள்

எவ்வளவு அளந்து ஓட்டினாலும் ஓட்டவே முடியாத மாதங்கள் வரும். இந்தப் பத்தியை எழுதும்போதும் எங்கேயோ ஒருவர் பால்கனியில் தூசி படிந்த சைக்கிளைத் துணிபோட்டு மூடிக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில் வலிப்பது முதுகு மட்டும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வந்து விழும் கடற்கரைப் படங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு மாத்திரை கிடையாது. நான் குழுவை விட்டு வெளியேறவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்தேன்.

"என்ன ப்ரோ, ரெண்டு மாசமா ஆளையே காணோம்?"

"முதுகு."

"எனக்கும்தான் முதுகுவலி. சீட்டை ஒரு சென்டி முன்னாடி தள்ளிப் பாருங்க, போயிடும்."

நல்ல மனிதர். அன்பாகத்தான் சொன்னார். அவருக்கு நோயின் வரலாற்றை நடுத்தெருவில் விளக்குவது எப்படி? கொஞ்ச காலம் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது "பாக்கறேன் ப்ரோ" என்று சொல்லிவிடுகிறேன். விளக்கவும் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை மாலையில் இருபது நிமிடம் மிதிக்கச் செலவழிக்கலாம்.

ஓட்டாத காலத்தில் சைக்கிளை என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு வழி. ஒருவர் ட்ரெய்னரில் மாட்டிக் கூடத்தில் ஓட்டுகிறார். நினைத்த நொடியில் இறங்கிவிடலாம் என்பது அதன் பலம், அசையாமல் ஒரே இருப்பில் உட்கார வேண்டியிருப்பது பலவீனம். இன்னொருவர் குழுவின் ரைடுகளுக்கு வண்டியில் வாழைப்பழமும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். எனக்கு அது முடியவில்லை. அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க இன்னும் மனசு வரவில்லை. நான் செயினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போடுகிறேன். தேவையே இல்லாமல் போடுகிறேன்.

குழு நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. எங்களைப்போல் முதுகு, முழங்கால், நரம்பு என்று ஏதோ ஒன்றோடு உங்கள் பட்டியலில் இருந்து, வராமலே போய்விட்டவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மாதத்தில் ஒரே ஒரு ரைடை மாலைக்கு மாற்றுங்கள். நகரத்துக்குள்ளேயே இருக்கட்டும், யாரும் எந்தச் சந்திலும் காரணம் சொல்லாமல் கழன்றுகொள்ளலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். அப்புறம், அந்த டீக்கடை நிறுத்தம். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுவீர்களே, அதைப் பத்து நிமிடமாக்குங்கள், அல்லது நின்றுகொண்டே பேசுவோம். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க எங்களுக்கு இன்னொரு பத்து நிமிடம் ஆகும்.